சொன்னவர் யார்? – ஜாஸ் இசைஞர் வரலாற்று நூல்கள் குறித்து ஒரு மதிப்பீடு

சென்ற ஆண்டு மீலாது விழா மலர் ஒன்றுக்கு வந்த கட்டுரைகளைப் பார்வையிடும் பணி இந்த எளியேனிடம் ஒப்படைக்கப்பட்டது. அவற்றுள் கல்லூரி மாணவர் ஒருவர் எழுதியது, அமெரிக்க ஜாஸ் இசைஞர்களுள் இஸ்லாத்தைத் தழுவியவர்களைப் பற்றியது. ஓட்டமுள்ள நடை, உள்ளத்தை உருக்கும் செய்திகள். ஆனால், ‘இதை இன்னார் சொன்னார், இன்ன நூலில் உள்ளது’ என்னும் குறிப்பு ஒரு செய்திக்கேனும் இல்லை. பட்டியலின் மூன்றாம் இடத்தில் டிரம்பெட் இசைஞர் டிஸ்ஸி கில்லெஸ்பியின் பெயர் இருந்தது. கில்லெஸ்பி முஸ்லிமாக வாழ்ந்தவரல்லர். 1968இல் பஹாயி சமயத்தை ஏற்று, 1993இல் இறக்கும்வரை அதிலேயே இருந்தவர். அப்பெயரின் மீது கோடு கிழித்தேன். “ஹஜ்ரத், நம் மார்க்கத்துக்குப் பெருமை தரும் செய்தியைத்தானே எழுதினேன்! இதில் என்ன குற்றம்?” என்று அம்மாணவர் மனம் வருந்திக் கேட்டார்.

அன்று சுருக்கமாக விடை சொல்லி அனுப்பினேன். விரிவான விடையைத் தேடியபோது ஜாஸ் இசைஞரின் வாழ்க்கை வரலாறுகளும் தன்வரலாறுகளும் பலவற்றைப் படிக்க நேர்ந்தது. அந்தப் படிப்பின் பயனே இக்கட்டுரை. இசை கேட்பது கூடுமா, கூடாதா என்னும் ஃபிக்ஹுப் பிரச்சினையை இங்கே நான் எடுத்துக்கொள்ளவில்லை. அது தனியே பேசவேண்டியது. இங்குள்ள கேள்வி ஒன்றே: ஒரு மனிதரின் வாழ்க்கை என்று அச்சிட்டு நம் கையில் தரப்படும் நூலை நாம் எவ்வளவு நம்பலாம்?

இரண்டு தராசுகள்

நபிமொழிகளைத் திரட்டிய பெருமக்கள் ஓர் அறிவிப்பாளரை, அதாவது ராவியை, ஆராயும்போது இரண்டு தகுதிகளைத் தனித்தனியே பார்த்தார்கள். ஒன்று அதாலத்து: அவர் நேர்மையானவரா, பொய்யுரைக்க அஞ்சுபவரா என்பது. மற்றொன்று ளப்து: கேட்டதைக் கேட்டவாறே மனத்திலோ ஏட்டிலோ காத்து, கூட்டாமலும் குறைக்காமலும் ஒப்படைக்கும் ஆற்றல் அவருக்கு உண்டா என்பது. தொழுகையிலும் நோன்பிலும் குறை வையாத பெரியவர் ஒருவர் நினைவாற்றல் குன்றியவராக இருக்கலாம். அத்தகையோரைப் போற்றி, அவர்களிடம் துஆ வேண்டி, அவர்கள் அறிவித்த ஹதீஸை மட்டும் ஏற்காது விட்ட இமாம்கள் உண்டு.

இவ்விரண்டையும் ஒன்றாகக் குழப்புவதால்தான் ஜாஸ் இசைஞர் வரலாறுகள் பற்றிய விவாதம் பெரும்பாலும் வழி தவறிப் போகிறது. ஒரு தேதி தவறென்று தெரிந்ததும் ‘நூல் முழுவதும் பொய்’ என்கிறார் ஒரு சாரார். ‘உள்ளம் திறந்து எழுதியிருக்கிறார், ஆகவே அனைத்தும் மெய்’ என்கிறார் மறு சாரார். இரு தீர்ப்பும் பிழையானவை.

ஜாஸ் என்பது, அடிமைகளாகக் கொண்டுசெல்லப்பட்ட ஆப்பிரிக்க மக்களின் வழித்தோன்றல்கள் அமெரிக்காவின் தெற்கே நியூ ஆர்லியன்ஸ் நகரை மையமாகக் கொண்டு, சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் உருவாக்கிய இசை. எழுதிவைத்த சுரக்குறிப்பைவிட, மேடையில் அந்தந்த நேரத்துக் கற்பனைக்கே அதில் முதலிடம். அதைப் படைத்தவர்களுள் பலர் ஏழைகள். ஊர் ஊராகச் சென்று பிழைத்தவர்கள். பிறப்பு, திருமணம் பற்றிய பதிவுகள் பலருக்குச் சரிவர இல்லை. அவர்களைப் பற்றி முதலில் நூல் எழுதியோரோ, பெரும்பாலும் வேறு நிறத்தவர், வேறு வாழ்க்கையினர். ஆகவே இவ்வரலாற்றின் பெரும்பகுதி வாய்மொழியின் மீது நிற்கிறது. வாய்மொழியை எடைபோட இலக்கணம் வகுத்த ஒரு சமுதாயத்தில் பிறந்த நமக்கு, இங்கே சொல்லத் தகுந்தது சிறிதேனும் உண்டு.

தேதிகள் சொல்லும் சாட்சி

லூயி ஆம்ஸ்ட்ராங்கிடமிருந்து தொடங்குவோம். தாம் பிறந்தது 1900ஆம் ஆண்டு ஜூலை 4ஆம் நாள் என்று அவர் வாழ்நாள் முழுதும் சொல்லிவந்தார். அந்நாள் அமெரிக்காவின் சுதந்திர நாள். நூற்றாண்டின் விளிம்பில், நாட்டின் திருநாளில், நாட்டின் இசையே பிறந்தது போல அக்கதை அமைந்திருந்தது. அவர் 1971இல் மறைந்தார். 1980களில் நியூ ஆர்லியன்ஸ் தேவாலயம் ஒன்றின் ஞானஸ்நானப் பதிவேடு ஆராயப்பட்டபோது, அவர் பிறந்தது 1901 ஆகஸ்ட் 4ஆம் நாள் என்பது தெரியவந்தது.

அப்படியாயின் ஆம்ஸ்ட்ராங் பொய்யரா? அவர் 1954இல் வெளியிட்ட இளமைக்கால நினைவு நூலில் இன்னொரு செய்தியும் உள்ளது. புத்தாண்டு இரவுக் கொண்டாட்டத்தில் சிறுவனாகிய தாம் துப்பாக்கியை வானை நோக்கிச் சுட்டதையும், கைதாகிச் சிறுவர் இல்லத்துக்கு அனுப்பப்பட்டதையும், அங்கேதான் கார்னெட் என்னும் ஊதுகருவியை முறையாகப் பயின்றதையும் அவர் விவரிக்கிறார். கேட்டால் கட்டிய கதை போன்றிருக்கும். ஆனால் 1913 சனவரித் தொடக்கத்தில் அவ்வூர் நாளிதழில் அக்கைது பற்றிய செய்தி அச்சாகியிருக்கிறது. தாம் கண்டும் செய்தும் அறிந்ததில் அவர் சொல் நிற்கிறது. தம் பிறந்த நாளைக் கண்டறிந்தவர் எவருமில்லை. பிறர் சொல்லத்தான் கேட்டிருக்க முடியும். ஆகவே இது நேர்மைக் குறையன்று. கேட்டு வந்த செய்தியிலுள்ள பிழை என்றே நான் கொள்கிறேன்.

ஜெல்லி ரோல் மார்ட்டனின் நிலை வேறு. 1938இல் ‘டவுன் பீட்’ என்னும் இசை இதழுக்கு அவர் எழுதிய கடிதத்தில், 1902இல் ஜாஸை உருவாக்கியவர் தாமே என்று உரிமை கொண்டாடினார். தாம் பிறந்தது 1885 என்றும் சொல்லிவந்தார். பின்னர்க் கிடைத்த ஞானஸ்நானச் சான்றோ 1890 என்கிறது. அவ்வாறாயின் 1902இல் அவர் 12 வயதுச் சிறுவர்! ராவிகள் பொய்யைக் கையாண்டபோது தாங்கள் அவர்களுக்கு எதிராக ஆண்டுக் கணக்கைக் கையாண்டதாக இமாம் சுஃப்யானுத் தவ்ரீ (ரஹ்) அவர்கள் சொன்ன கருத்து இங்கே நினைவுக்கு வருகிறது.

ஆயினும் மார்ட்டனைக் குப்பையில் எறிந்துவிட முடியாது. அதே 1938இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் ஆலன் லோமாக்ஸ் என்பவர் அவரைப் பியானோவின் முன் அமர்த்தி, பல மணி நேரம் பேசவும் வாசிக்கவும் வைத்துப் பதிவு செய்தார். பழைய நியூ ஆர்லியன்ஸில் இன்னார் இப்படி வாசித்தார், இன்னார் அப்படி வாசித்தார் என்று விரலாலேயே மார்ட்டன் காட்டுகிறார். அக்காலத்து இசைக்கு அதனினும் அருமையான சாட்சியம் அரிது. தம்மைப் பற்றிப் பேசும்போது பலவீனமானவர். பிறர் இசையைப் பற்றிப் பேசும்போது கவனிக்கத் தக்கவர். நம் அறிஞர்களுக்கு இது புதிதன்று. இஸ்மாயீல் இப்னு அய்யாஷ் என்னும் ராவி, தம் நாடாகிய ஷாம் தேசத்தாரிடமிருந்து அறிவிப்பதை ஏற்றார்கள். ஹிஜாஸ் வாசிகளிடமிருந்து அறிவிப்பதைப் பலவீனம் என்றார்கள். ஒரே மனிதருக்கு இரண்டு தீர்ப்பு! அதுவே நீதி.

இன்னுமொரு எடுத்துக்காட்டு. ஜாஸின் முதல் மன்னர் என்று போற்றப்படும் பட்டி போல்டன் 1907இல் மனநோய் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டு, 1931இல் அங்கேயே இறந்தார். அவருடைய இசைப்பதிவு ஒன்றுகூட நம்மிடம் இல்லை. 1939இல் வெளிவந்த ‘ஜாஸ்மென்’ என்னும் நூல், அவர் முடிதிருத்தும் கடை வைத்திருந்தார், ஊர்வம்பு பேசும் சிற்றிதழ் ஒன்றை நடத்தினார் என்றெல்லாம் எழுதியது. அந்நூலார் பெரிதும் நம்பிய சாட்சிகளுள் ஒருவர் பங்க் ஜான்சன் என்னும் முதிய இசைஞர். தாம் 1879இல் பிறந்து போல்டனின் குழுவில் வாசித்ததாக அவர் சொன்னார். அவர் அதனினும் பத்தாண்டு வரை இளையவராக இருக்கலாம் என்று பின்வந்த ஆய்வாளர் பலர் ஐயுற்றனர். அவ்வாறாயின் போல்டனோடு வாசித்திருக்கவே இயலாது. ராவி தம் ஆசிரியரைச் சந்தித்தாரா என்பது நம் கலையின் முதற் கேள்விகளுள் ஒன்றல்லவா? 1978இல் டொனால்ட் மார்க்கிஸ் என்பவர் நகரப் பதிவேடுகளையும் தேவாலய ஏடுகளையும் மருத்துவமனைக் குறிப்புகளையும் ஒவ்வொன்றாகத் தேடிப் படித்துப் போல்டன் வரலாற்றை எழுதினார். முடிதிருத்தும் கடைக்கும் ஆதாரமில்லை, சிற்றிதழுக்கும் ஆதாரமில்லை. கதைகள் உதிர்ந்தபின் எஞ்சிய மனிதர் சிறியவராகத் தோன்றுகிறார். ஆனால் உண்மையானவராகத் தோன்றுகிறார்.

இடையில் நிற்பவர்

ஜாஸ் இசைஞரின் தன்வரலாறுகளில் பல, அவர்கள் தாமே எழுதியவை அல்ல. இசைஞர் பேசுவார், பத்திரிகையாளர் ஒருவர் எழுதுவார், அட்டையில் இசைஞரின் பெயர் பெரிதாகவும் எழுதியவரின் பெயர் சிறிதாகவும் இருக்கும். ஆகவே நம் கைக்கு வரும் சொல், இரண்டு ராவிகளைக் கடந்து வருகிறது. இருவரையும் எடைபோடாமல் நூலை எடைபோட முடியாது.

பாடகி பில்லி ஹாலிடேயின் ‘லேடி சிங்ஸ் தி ப்ளூஸ்’ 1956இல் வந்தது. எழுதியவர் வில்லியம் டஃப்டி என்னும் பத்திரிகையாளர். அந்நூலின் தொடக்கமே தவறு. பெற்றோர் மணம் புரிந்துகொண்டதாக நூல் சொல்கிறது. அவர்கள் மணம் புரியவேயில்லை. நூலின் கணக்குப்படி ஹாலிடே பிறந்தபோது தாய்க்கு வயது 13. பதிவுகளின்படி ஏறத்தாழ 19. பிறந்த ஊர் பால்டிமோர் என்கிறது நூல். பதிவுகளோ பிலடெல்ஃபியா என்கின்றன. கறுப்பின மக்களைக் கும்பல் கொலை செய்து மரத்தில் தொங்கவிட்ட கொடுமையைப் பாடும் ‘ஸ்ட்ரேஞ்ச் ஃப்ரூட்’ என்னும் புகழ்பெற்ற பாடலுக்கு இசையமைத்ததில் தமக்கும் பங்குண்டு என்பதாகவும் நூல் சொல்கிறது. சொல்லும் இசையும் ஏபெல் மீரோபோல் என்னும் நியூயார்க் பள்ளி ஆசிரியருடையவை.

இத்தனை பிழைகளுக்குப் பின்னும் அந்நூலைப் பொய்ந்நூல் என்று தள்ள என் மனம் இசையவில்லை. ஏன்? தமக்கு இழிவு தருவனவற்றை அப்பெண் மறைக்கவில்லை. போதைப் பழக்கத்தை ஒப்புக்கொள்கிறார். 1947இல் சிறை சென்றதைச் சொல்கிறார். வெள்ளையர் இசைக்குழுவோடு பயணம் செய்தபோது உணவு விடுதிகளில் நேர்ந்த அவமதிப்பைச் சொல்கிறார். இவற்றுள் பெரும்பாலானவை பிற சாட்சிகளாலும் உறுதியாகின்றன. நூல் வெளிவருமுன், புகழ்பெற்ற சிலரைப் பற்றிய பகுதிகள் வழக்குக்கு அஞ்சி நீக்கப்பட்டன என்பதையும் பிற்கால ஆய்வு காட்டியுள்ளது. எனவே அந்நூலின் குறைகளுள் சில அவருடையவை, சில டஃப்டியுடையவை, சில பதிப்பகத்தாருடையவை. மூன்றையும் அவர் தலையில் சுமத்துவது அநீதி.

மார்ட்டனின் பேச்சை லோமாக்ஸ் 1950இல் நூலாக்கியபோதும் இதுவே நேர்ந்தது. சொற்களை மாற்றினார், வரிசையை மாற்றினார், சிதறிக் கிடந்ததை ஒழுங்கான கதையாக்கினார். பதிவுகள் முழுமையாக 2005இல் வெளியிடப்பட்டன. இன்று எவரும் நூலையும் குரலையும் அருகருகே வைத்து ஒப்பிடலாம். மூலம் கிடைக்கும்போது படியை மட்டும் நம்புவது கற்றோருக்கு அழகன்று.

இன்னொரு வகைக் குறையும் உண்டு. மைல்ஸ் டேவிஸின் தன்வரலாறு, குவின்ஸி ட்ரூப் என்பவர் துணையுடன் 1989இல் வந்தது. அதன் சில பகுதிகள், டேவிஸைப் பற்றி ஜாக் சேம்பர்ஸ் முன்னரே எழுதிய நூலை நெருங்கி ஒத்திருப்பதை விமர்சகர்கள் எடுத்துக்காட்டினர். ‘நான் கண்டேன், நான் சொன்னேன்’ என்று ஒலிக்கும் குரலின் பின்னே இன்னொருவர் நூல் இருக்குமாயின், இடையிலுள்ள ராவியின் பெயரை விழுங்கிவிட்டு மேலுள்ளவரிடம் நேரே கேட்டது போலக் காட்டுவதாகும் அது. நம் அறிஞர்கள் இதற்குத் தத்லீஸ் என்று பெயரிட்டார்கள். செய்தி மெய்யாகவே இருந்தாலும் செயல் குற்றமே.

நல்ல நோக்கத்துப் பொய்

பெஸ்ஸி ஸ்மித் என்னும் மாபெரும் பாடகி 1937 செப்டம்பர் 26ஆம் நாள், மிசிசிப்பி மாநிலத்துக் கிளார்க்ஸ்டேல் அருகே நேர்ந்த கார் விபத்தில் இறந்தார். வெள்ளையர் மருத்துவமனை அவரைச் சேர்க்க மறுத்ததால் இரத்தம் சிந்தியே மாண்டார் என்னும் செய்தி உலகெங்கும் பரவியது. அதற்கு வித்திட்டது ‘டவுன் பீட்’ இதழில் ஜான் ஹாமண்ட் எழுதிய குறிப்பு. அவர் நேரில் கண்டவரல்லர். இசைக்குழுவினர் சிலர் பேசக் கேட்டதை எழுதியவர். எட்வர்டு ஆல்பி அக்கதையைக் கொண்டு நாடகமே எழுதினார். 1972இல் கிறிஸ் ஆல்பர்ட்ஸன், விபத்து நடந்த இடத்தில் காரை நிறுத்தி உதவிய மருத்துவரின் வாக்குமூலத்தை ஆதாரமாகக் கொண்டு உண்மையை எழுதினார். பெஸ்ஸி நேரே கறுப்பினத்தாருக்கான மருத்துவமனைக்குத்தான் கொண்டுசெல்லப்பட்டார். அங்கே சிகிச்சை பெற்று, அன்றே உயிர் நீத்தார்.

“இன ஒதுக்கலின் கொடுமையை உலகுக்கு உணர்த்திய கதைதானே, இருந்துவிட்டுப் போகட்டுமே” என்று சிலர் கேட்கலாம். மக்களைக் குர்ஆன் ஓதத் தூண்டவேண்டும் என்னும் நோக்கில் ஒவ்வொரு அத்தியாயத்தின் சிறப்புக்கும் ஹதீஸ் புனைந்ததாக நூஹ் இப்னு அபீ மர்யம் என்பவரைப் பற்றி நம் நூல்கள் கூறுகின்றன. அவருடைய நோக்கத்துக்காக அவரை எவரும் மன்னித்துவிடவில்லை. மேலும் இங்கே கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. அந்நாளைய மிசிசிப்பியில், அடிபட்டுக் கிடக்கும் கறுப்பினப் பெண்ணை வெள்ளையர் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டுமென்று ஒருவர் எண்ணுவதே இல்லை. ஒரே ஊரில் நிறத்துக்கொரு மருத்துவமனை. கேள்வியே எழாத ஒழுங்கு. அதுதான் பெருங்கொடுமை. வாசலில் நின்ற ஒரு கல்நெஞ்சரைக் காட்டும் கட்டுக்கதை, சட்டமாகவே நின்ற அநீதியை நம் கண்ணிலிருந்து மறைத்துவிடுகிறது. பொய் எவருக்காகச் சொல்லப்படுகிறதோ, அவருக்கே இறுதியில் அது துரோகம் செய்கிறது.

உறவும் பகையும் மௌனமும்

சாக்ஸஃபோன் மேதை சார்லி பார்க்கர் 1955இல் 34ஆம் வயதில் மறைந்தார். அவரைப் பற்றி 1973இல் பெரிய நூல் எழுதிய ராஸ் ரஸ்ஸல், பார்க்கரின் இசைத்தட்டுகளை வெளியிட்ட நிறுவனத்தின் உரிமையாளர். பார்க்கர் நோயுற்றுத் தள்ளாடிய நிலையில் 1946இல் வாசித்த பதிவை அவர் விற்பனைக்கு விட்டதும், பார்க்கர் அதனால் சினமுற்றதும் பலரறிந்தவை. பார்க்கரை மாதிரியாகக் கொண்டு முன்னரே நாவல் ஒன்றும் எழுதியவர் அவர். அவர் வரைந்த வரலாற்றிலும் நாவலாசிரியரின் கையே மேலோங்குகிறது. எவரும் உடனிருந்து கேட்டிராத உரையாடல்கள், கண்டு எழுதியது போல வருகின்றன. படிக்க இனிக்கிறது, ஆதாரமாக எடுக்கக் கை நடுங்குகிறது. இதற்கு மாறாக, ராபர்ட் ரைஸ்னர் 1962இல் தொகுத்த நூல், பார்க்கரை அறிந்தவர் பலரின் கூற்றுகளை அவரவர் பெயரிலேயே தருகிறது. ஒன்றோடொன்று முரண்படுகின்றன, தொகுத்தவர் முரண்களை மூடவில்லை. கதையாகப் படிக்க முதல் நூல் சிறந்தது. வழக்காடு மன்றத்துக்கு எடுத்துச் செல்ல இரண்டாவதே தகும்.

ஒரே துறையைச் சார்ந்த சமகாலத்தவர் ஒருவர்மீது ஒருவர் சொல்லும் குறையைத் தெளிவான சான்றின்றி ஏற்கலாகாது என்பது இமாம் தஹபீ (ரஹ்) போன்றோர் வற்புறுத்திய விதி. இசைஞர் தம் போட்டியாளரைப் பற்றிச் சொல்லும் செய்திகளைப் படிக்கும்போது இவ்விதியை மறவாதிருத்தல் நலம்.

பகை பேசாத நூலும் முழு நூலாகிவிடாது. டியூக் எல்லிங்டன் 1973இல் வெளியிட்ட தன்வரலாற்றில் எவரைப் பற்றியும் ஒரு கடுஞ்சொல் இல்லை. தம் இல்லற வாழ்வு பற்றி ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. விமர்சகர்கள் குறைபட்டனர். நான் அவ்வாறு குறைகூற மாட்டேன். மறைத்தல் வேறு, பொய்த்தல் வேறு. தம் குறையையும் பிறர் குறையையும் திரையிட்டு வைப்பது நம் மார்க்கத்தில் பழிக்கத்தக்கதன்று. ஆனால் படிப்பவர் ஒன்றை அறிந்திருக்கவேண்டும்: அது ஒரு மனிதரின் வரவேற்பறை; வீடு முழுவதும் அன்று.

இறந்தோரின் குறைகளைக் கிளறுவது ஃகீபத்து ஆகாதா என்று சிலர் ஐயுறலாம். அறிவிப்பாளரின் குறையைச் சொல்வது புறம்பேசுதலாகாது. அது சமுதாயத்துக்கு நன்மை நாடுதல் என்று இமாம் நவவீ (ரஹ்) போன்றோர் விளக்கியுள்ளனர். ஆயினும் தேவைக்கு மேல் ஒரு சொல்லும் கூடாது. போதையும் காமமும் நிறைந்த பக்கங்களை விற்பனைக்காக விரித்துவைக்கும் வரலாற்றாசிரியர், உண்மையைச் சொன்னாலும் நேர்மையாளர் ஆகமாட்டார். அந்த இசைஞரின் கலையைப் புரிந்துகொள்ள அச்செய்தி உதவுகிறதா என்பதே இங்கு அளவுகோல்.

நம்மவர் கதை

இனி, மாணவரின் கேள்விக்கு வருவோம். பிறர் நூல்களை எடைபோடுவது எளிது. நமக்கு இனிக்கும் செய்தியை எடைபோடுவதே சோதனை.

1948இல் ‘லைஃப்’ இதழ், கில்லெஸ்பி மக்காவை நோக்கித் தலைவணங்குவது போன்ற படத்தை வெளியிட்டது. அவர் பெயரை நம் பட்டியல்களில் சேர்ப்போருக்கு அத்தகைய செய்திகளே ஆதாரம். ஆனால் 1979இல் வந்த தம் தன்வரலாற்றில் கில்லெஸ்பியே அதைப் பற்றிப் பேசுகிறார். தாம் முஸ்லிமாக இல்லாத நிலையில் புகைப்படத்துக்காக அவ்வாறு செய்ய நேர்ந்ததைத் தம் வாழ்வில் வெட்கப்படும் செயல்களுள் ஒன்றாகக் கூறி வருந்துகிறார். தமக்கு எதிராகத் தாமே சாட்சி சொல்லும் இவரது சொல்லை விட்டு, அந்தப் படத்தை எப்படி நம்புவது?

அதே நூலில் நமக்குக் கசக்கும் செய்தியும் உண்டு. இஸ்லாத்தில் சேர்ந்தால் கறுப்பர் என்னும் முத்திரையிலிருந்து தப்பலாம் என்று கருதிச் சேர்ந்தவர்கள் இருந்தனர் என்றும், காவல்துறை அட்டையில் இனத்துக்கு நேரே வெள்ளையர் என்பதற்கான எழுத்தைப் பதித்துக்கொண்டனர் என்றும் அவர் எழுதுகிறார். உடனேயே, உள்ளத் தூய்மையோடு வந்தவர்கள் மார்க்கத்தில் நிலைத்து நின்றனர் என்றும் சொல்கிறார். நாம் இரண்டாவதை மட்டும் எடுத்து, முதலாவதை விட்டுவிடலாமா? ஒருவர் மனத்தில் இருந்ததை அல்லாஹ்வே அறிவான். ஆனால் உணவு விடுதிக்குள் நுழையவும் ஒருவனுக்கு வேறு பெயர் தேவைப்பட்ட நாடு அது என்பதை அறியாமல், அந்த மதமாற்றங்களின் வரலாற்றை எழுத முடியாது.

யூசுஃப் லத்தீஃபின் வரலாற்றிலும் நம்மவர் மறைப்பது ஒன்றுண்டு. 1920இல் பிறந்து 2013இல் மறைந்த அவர், ஜாஸ் என்னும் பெயரையே தம் இசைக்கு ஏற்காதவர். 1975இல் மேலை, இஸ்லாமியக் கல்வி முறைகளைப் பற்றி ஆய்ந்து முனைவர் பட்டம் பெற்றவர். அவரை இஸ்லாத்தின்பால் ஈர்த்தது அஹ்மதிய்யா இயக்கம். 1920 முதல் அமெரிக்காவில் பிரசாரம் செய்த அவ்வியக்கத்தின் வழியாகவே அந்நாளைய ஜாஸ் இசைஞர் பலர் வந்தனர். அவ்வியக்கத்தின் கொள்கையை நம் உலமாக்கள் ஏற்கவில்லை என்பது வாசகர் அறிந்ததே. கொள்கையில் வேறுபடுவது நம் உரிமை. நடந்ததை நடக்கவில்லை என்பது எவருடைய உரிமையும் அன்று. ஹெர்ப் பாய்டின் துணையுடன் லத்தீஃப் 2006இல் வெளியிட்ட தன்வரலாறு கையில் இருக்க, செவிவழிக் கதை எதற்கு?

இன்னுமொரு சிறு எச்சரிக்கை. சிட்னி பெஷே என்னும் முன்னோடி இசைஞரின் தன்வரலாறு 1960இல் வந்தது. அடிமையாக இருந்த தம் பாட்டனார் பெயர் ‘ஓமர்’ என்று அவர் எழுதுகிறார். ‘உமர்! அப்படியானால் முஸ்லிம்!’ என்று துள்ள மனம் ஆசைப்படும். ஆனால் அந்த ஓமரின் கதை, லூயிசியானாவில் வழங்கிவந்த, தப்பியோடிய அடிமையைப் பற்றிய பழங்கதையின் மறுவடிவம் என்று ஆய்வாளர்கள் காட்டியுள்ளனர். தம் இனத்தின் துயரைப் பாட்டனார் வடிவில் பாடிய காவியமாக அதைப் படிக்கலாம், உருக்கமான காவியந்தான். நம் புலவர்கள் பாடிய கிஸ்ஸாக்களையும் படைப்போர்களையும் நாம் சுவைக்கிறோம். ஹதீஸ் நூல்களின் அலமாரியில் வைப்பதில்லை. அதே மரியாதையைப் பெஷேவுக்கும் தருவோம்.

அலீ இப்னுல் மதீனீ (ரஹ்) அவர்களிடம் அவர்தம் தந்தையார் எப்படிப்பட்ட அறிவிப்பாளர் என்று கேட்டார்கள். “வேறு எவரிடமாவது கேளுங்கள்” என்னும் கருத்தில் முதலில் தவிர்த்தார். மீண்டும் வற்புறுத்தவே, தலையைத் தாழ்த்தி, இது மார்க்கம் பற்றியது என்று சொல்லி, தம் தந்தையார் பலவீனமானவர் என்று தீர்ப்பளித்தார் என்று வரலாறு கூறுகிறது. பெற்ற தந்தைக்கே ஒரு தராசு, பிறருக்கு ஒரு தராசு என்று வைத்துக்கொள்ளாத அந்த இமாமின் வழியில் வந்த நாம், கடல் கடந்த இசைஞர் ஒருவர் நம் மார்க்கத்தவர் என்பதற்காகத் தராசை மாற்றிப் பிடிக்கலாமா? நாளை அம்மலரைப் படிக்கும் இளைஞர் ஒருவர் கில்லெஸ்பியின் சொந்த நூலைப் படிக்க நேர்ந்தால், அன்று அவர் ஐயுறுவது அந்த ஒரு வரியை மட்டுமாக இராது. நாம் சொன்ன மெய்களையும் சேர்த்தே ஐயுறுவார்.

ஆகவே இத்தகைய நூல் எதுவானாலும், சொல்பவர் கண்டாரா கேட்டாரா என்று பாருங்கள். இடையில் எழுதியவர் யார் என்று பாருங்கள். இச்செய்தியால் யாருக்கு ஆதாயம் என்று பாருங்கள். செய்தி நமக்கு மிகவும் இனிக்குமாயின் இன்னுமொரு முறை பாருங்கள். பிழை கண்டால் பிழையின் அளவுக்கே தள்ளுங்கள். மனிதரை முழுவதும் தள்ளிவிடாதீர்கள்.

அந்த மாணவர் தம் கட்டுரையைத் திருப்பி எடுத்துச் சென்று, இரண்டு வாரம் கழித்துக் கொண்டுவந்தார். பாதியாகச் சுருங்கியிருந்தது. ஒவ்வொரு செய்திக்கும் நூலின் பெயரும் சொன்னவர் பெயரும் இருந்தன. கில்லெஸ்பியின் பெயரும் மீண்டும் இருந்தது; முஸ்லிம்களின் பட்டியலில் அன்று, செய்யாத வணக்கத்தைச் செய்ததாகக் காட்டியதற்கு வருந்திய நேர்மையாளர் என்னும் இடத்தில். இம்முறை நான் கோடு கிழிக்கவில்லை.

உண்மையைச் சொல்லவும், நமக்கு எதிரானதாயினும் அதை ஏற்கவும் வல்ல நாயன் நம் அனைவருக்கும் அருள்புரிவானாக. ஆமீன்.